எடுக்காமல் விட்ட பெட்டி

பக்கத்து வீட்டு அம்மா காலமாகி இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அவருடைய மகன் வந்து கதவைத் தட்டினார். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். "நீங்கள் ரெக்கார்டு சேர்ப்பவர் என்று அம்மா சொல்லியிருக்கிறார். உள்ளே இரண்டு பெட்டி இருக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை சாரிட்டி கடையில் கொடுத்துவிடுகிறேன்" என்றார். லண்டன் ஹேரோவில் இந்தத் தெருவுக்கு நான் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்த அம்மாவோடு வேலிக்கு மேலாகப் பேசியதெல்லாம் தக்காளிச் செடி, குப்பை வண்டி வரும் நாள், மழை, அவ்வளவுதான். அவர் வீட்டில் ரெக்கார்டு இருந்தது எனக்குத் தெரியாது. என் வீட்டில் ஓடும் பாட்டு மட்டும் சுவர் வழியாக அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

முதல் பெட்டி அவருடைய கணவருடையது. நான் குடிவருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர். ஒவ்வொரு தட்டும் பிளாஸ்டிக் உறைக்குள், அகரவரிசையில், முதுகு மடங்காமல் இருந்தது. 60களின் ஜாஸ், 70களின் பிரிட்டிஷ் ராக், கொஞ்சம் அமெரிக்க சோல். இரண்டாவது, வாழைப்பழம் வரும் அட்டைப்பெட்டி. ஜேம்ஸ் லாஸ்ட், மாண்டோவானி, ஹெர்ப் ஆல்பர்ட், ஜிம் ரீவ்ஸ், கார்ப்பென்டர்ஸ். எல்லாம் வீட்டில் போட்டுக் கேட்கும் மென்மையான ஆர்க்கெஸ்ட்ரா, பாப் ரகம். ஓரம் பிய்ந்த உறைகளில் ஒட்டிய செல்லோடேப் மஞ்சளாகியிருந்தது. இந்த நாட்டில், தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் எந்த சாரிட்டி கடைக்குள் நுழைந்தாலும் தரையோரம் இருக்கும் பெட்டியில் இதே பெயர்கள்தான் இருக்கும். ஒரு பவுண்டுக்கும் போகாது. நான் விரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன். அரை நிமிடம் இருக்கும். முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் உள்ளூர மிகவும் சந்தோஷப்பட்டது ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் ஒரு எல்பிக்கு. 60களின் அமெரிக்கப் பதிப்பு, அட்டை புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. உறையைச் சாய்த்துத் தட்டை வெளியே எடுத்தால், வந்தது கார்ப்பென்டர்ஸ். 1969 முதல் 1973 வரையிலான அவர்களுடைய சிங்கிள்களைத் தொகுத்த எல்பி. இங்கிலாந்தில் 1974இல் மொத்தம் 17 வாரம் முதலிடத்தில் இருந்தது, அதனாலேயே இன்று மூலைக்கு மூலை கிடைப்பது. தட்டு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருந்தது. லேபிளில் நீல பால்பாயின்ட் பேனாவால் அந்த அம்மாவின் பெயர். எப்போதோ யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த ஜாஸ் தட்டு, கார்ப்பென்டர்ஸ் அட்டைக்குள் உட்கார்ந்து, நான் விட்டுவிட்டு வந்த வாழைப்பழப் பெட்டியில் இருக்கிறது.

ஓடினேன். பெட்டி மத்தியானமே கிளம்பிவிட்டது. திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போனபோது, வந்ததை அப்படியே ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் எனக்குத் தூக்கமே சரியாக இல்லை.

விளக்கு வெளிச்சத்தில்

அப்போது என் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். மதுரையில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அந்தத் தட்டையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, அதுல பாட்டு இருக்குல்ல? போடேன், கேப்போம்" என்றார். "அது தேஞ்சு போனதும்மா, ஒண்ணும் நல்லா இருக்காது" என்றேன். அம்மா அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இதத்தான் போட்டுப் போட்டுக் கேட்டிருக்காங்க. மத்ததெல்லாம் புதுசாவே இருக்கே" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் மேசை விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பழைய ரெக்கார்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் வேலைதான் இது. பிளேயரின் நடு ஆணியில் தட்டை மாட்டும்போது ஓட்டை சரியாக அகப்படாவிட்டால் ஆணியின் நுனி லேபிளை உரசும். மயிரிழை போல ஒரு கோடு விழும். எத்தனை கோடு இருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை தடவை அவசரத்திலோ இருட்டிலோ பேச்சுக்கு நடுவிலோ அதை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கார்ப்பென்டர்ஸ் லேபிளில் ஓட்டையைச் சுற்றிக் கோடுகள் சிலந்தி வலை மாதிரி இருந்தன. முதல் பக்கத்தில் அதிகம், இரண்டாம் பக்கத்தில் குறைவு. லேபிளில் ஒரு பாட்டின் பெயருக்கு நேரே அதே நீல மையில் ஒரு டிக். வெளிப்புற விளிம்பில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் மழுங்கி எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. சமையலுக்கு நடுவில் வந்து பக்கத்தைத் திருப்பிப் போட்ட கையாக இருக்க வேண்டும்.

அப்புறம் கணவருடைய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கோடே இல்லை. ஒன்றில் ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு. பல தட்டுகளில் ஊசி ஒரே ஒரு தடவை ஓடியிருக்கலாம். சிலதில் அதுவும் சந்தேகம். அவர் இசையை நேசிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு தடவை ஓடவிட்டு கேசட்டில் பதிந்துகொண்டு, தட்டைப் பத்திரமாக வைத்தவராக இருக்கலாம். அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் என் கண் முன்னால் இருந்தது இதுதான்: ஒரே வீட்டில் இரண்டு பெட்டி. எதில் பாட்டு ஓடவே இல்லையோ அதை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். நாற்பது ஐம்பது வருடம் அந்த வீட்டில் எது ஓடியதோ அதை விட்டுவிட்டேன்.

இது என் தனிப்பட்ட தவறு மட்டும் இல்லை. சேகரிப்பாளர்களின் கணக்கே இப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. தட்டின் நிலைக்கு மதிப்பெண் போட நாங்கள் எல்லோரும் பின்பற்றுவது அமெரிக்கக் கோல்ட்மைன் பத்திரிகையின் வரிசை. புதிதுபோல இருந்தால் நியர் மின்ட். லேசாகப் பழகியிருந்தால் வெரி குட் பிளஸ், விலை பாதியாகும். நன்றாகக் கேட்டிருந்தால் வெரி குட், விலை கால்வாசி. அதற்கும் கீழே குட் என்று ஒன்று உண்டு, அப்படிப் போட்டிருந்தால் அனுபவசாலி யாரும் தொட மாட்டார்கள். கேட்கக் கேட்க மதிப்பு குறையும். லேபிளில் பெயர் எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். விற்பவர்கள் அதற்கு டபிள்யூ.ஓ.எல். என்று மூன்றெழுத்தே வைத்திருக்கிறார்கள், லேபிள் மேல் எழுத்து என்று பொருள். அந்தக் காலத்தில் ஏன் பெயர் எழுதினார்கள்? பார்ட்டிக்கு எடுத்துப் போவார்கள், தோழிக்கு இரவல் கொடுப்பார்கள், திரும்பி வர வேண்டுமே என்று எழுதினார்கள். பாட்டு நாலு வீடு சுற்றியதற்குச் சாட்சி அந்த எழுத்து. நாங்கள் அதைக் குறையாகக் குறித்து வைக்கிறோம்.

கிளப்பில் தேய்ந்தால் மட்டும்

இங்கேதான் என்னை நானே மன்னிக்க முடியாத இடம் ஒன்று வருகிறது. என் அலமாரியில் நான் அதிகமாகப் பணம் போட்டு வைத்திருப்பது டிஸ்கோ 12 அங்குல சிங்கிள்கள். அவற்றில் தேய்மானம் இருந்தால் நான் கவலைப்பட்டதே இல்லை. டிஜே பாட்டைத் தயார் செய்யும்போது தட்டை முன்னும் பின்னும் ஆட்டுவார், அதனால் பாட்டின் தொடக்கத்தில் ஒரு "ஸ்ஸ்" சத்தம் ஏறிவிடும். க்யூ பர்ன் என்போம். அதைக் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். லேபிளில் மார்க்கர் பேனாவால் ஒரு டிஜேயின் பெயர் இருந்தாலோ, உறையின் மூலையில் நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்று எழுதி ஒட்டியிருந்தாலோ இன்னும் பத்து பவுண்டு கூடக் கொடுக்கத் தயார். கொடுத்தும் இருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் கிளப்பில் ஓர் ஆண் தேய்த்தால் அது சரித்திரம். மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக் கூடத்தில் ஒரு பெண் தேய்த்தால் அது பழுது. இத்தனை வருடம் நான் இப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் எனக்குப் புரிந்தது.

இத்தனைக்கும் இந்த இரண்டும் ஒரே குடும்பம். 12 அங்குல சிங்கிள் பிறந்ததே நியூயார்க்கில் ஒரு தற்செயலால்தான். 70களின் நடுவில், பாட்டுகளைக் கிளப்புக்காக மிக்ஸ் செய்யும் டாம் மோல்டன் என்பவர் ஒரு பாட்டைத் தட்டில் வெட்டிப் பதியப் போனபோது 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. 10 அங்குலத்தில் வெட்டினார்கள். பெரிய தட்டில் பாட்டு ஒரு சின்னப் பட்டையாக மட்டும் இருப்பதைப் பார்த்து, ஊசி ஓடும் வரிப்பள்ளங்களைப் பரப்பி வெட்டச் சொன்னார். பள்ளத்துக்குப் பள்ளம் இடம் கூடியதும் சத்தமும், பேஸ் என்கிற கீழ்ச்சுர அதிர்வும் எகிறிவிட்டன. அப்புறம் அது 12 அங்குலமாயிற்று. 1976இல் சால்சோல் நிறுவனம் அதைக் கடைக்கே கொண்டுவந்தது. சரி, அந்தப் பெரிய தட்டில் ஓடியது என்ன? பாதிக்குப் பாதி வயலின் கூட்டம். 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாரி ஒயிட்டின் லவ் அன்லிமிடட் ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்டுப் பாருங்கள். மேலே மிதக்கும் அந்த வயலின்களைக் கேட்டால் மாண்டோவானியின் நினைவு வராமல் இருக்காது. 1951இல் ரொனால்ட் பிஞ்ச் என்ற இசையமைப்பாளர் மாண்டோவானிக்காக வயலின்களைப் பல பிரிவாகப் பிரித்து, ஒருவர் வாசித்த சுரத்தை அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் அடுத்த சுரத்துக்குப் போகும்படி எழுதினார். பெரிய தேவாலயத்துக்குள் எதிரொலி கேட்பது போல இருக்கும். எந்த எதிரொலிக் கருவியும் இல்லாமல் காகிதத்தில் எழுதியே கொண்டுவந்த எதிரொலி அது. கிளப் இசைக்காரர்கள் எக்கோவுக்காக உயிரை விடுவார்கள், ஆனால் மாண்டோவானி தட்டைக் காலால் ஒதுக்குவார்கள்.

ஜேம்ஸ் லாஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேமன் நகரத்துக்காரர். 50களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சிறந்த ஜாஸ் பேஸ் கலைஞராக ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆள். 1965இல் "நான் ஸ்டாப் டான்ஸிங்" வரிசையைத் தொடங்கினார். ஒரு பக்கம் முழுக்க இடைவெளியே கிடையாது. அன்றைய ஹிட் பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகும். பின்னணியில் ஆட்களின் சிரிப்பும் கைதட்டலும் கூச்சலும் கேட்கும். வீட்டில் நாலு பேர்தான் கூடியிருக்கிறார்கள் என்றாலும், பெரிய பார்ட்டிக்கு நடுவில் நிற்பது போல இருக்க வேண்டும் என்பதற்காக அதைச் சேர்த்தார். டிஜே மிக்ஸ் என்று இன்று நாம் சொல்வதை ஒரு பேண்டை வைத்து அன்றே செய்துவிட்டார். அந்தப் பெட்டியில் ஜேம்ஸ் லாஸ்ட் மட்டும் ஏழெட்டு இருந்தது. ஒன்றின் அட்டையில் கிளாஸ் வைத்த வட்டத் தடம் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. அரை நிமிடத்தில் கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

ஹெர்ப் ஆல்பர்ட்டின் கதை இன்னும் விசேஷம். 60களில் அவருடைய ட்ரம்பெட் இல்லாத அமெரிக்க வீட்டுக் கூடமே இல்லை என்னும்படி விற்றார். 1965இல் வந்த ஒரு எல்பி, அட்டையில் க்ரீமில் மூழ்கிய பெண்ணோடு, பல லட்சம் விற்றது. அதனாலேயே சேகரிப்பாளர்களுக்கு அவர் இளக்காரம். அதே மனிதர் 1979இல் ஒரு மெதுவான டிஸ்கோ இன்ஸ்ட்ருமென்டலோடு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தார். அதிலிருந்து எடுத்த பேஸ் லைன் 1997இல் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் பாட்டுக்கு அடித்தளமாகி, அதுவும் முதலிடம் போனது. அந்த 79ஆம் வருடத் தட்டை மட்டும் நாங்கள் எடுப்போம். அதே கை, அதே ட்ரம்பெட், பதினாலு வருடம் முந்தியது என்றால் வேண்டாம்.

சிரித்துக்கொண்டே ரசிப்பது

90களின் நடுவில் இங்கே லவுஞ்ச் மோகம் ஒன்று வந்தது. இளைஞர்கள் பழைய ஈஸி லிஸனிங் தட்டுகளை, அதாவது இதே மாண்டோவானி ரகத்தை, தேடி வாங்கினார்கள், கம்பெனிகள் சிடியாகத் தொகுத்து விற்றன. 60களின் பாப் இசையமைப்பாளர் பர்ட் பக்கராக்குக்கு மறுபடி மவுசு வந்தது. ஒயாசிஸ் ராக் குழுவின் முதல் ஆல்பம் அட்டையில்கூட அவருடைய படம் சாய்ந்து நிற்கும். அதில் உண்மையான ரசனையும் இருந்தது. ஆனால் பெரும்பாலும் ஒரு நமுட்டுச் சிரிப்பும் கூடவே இருந்தது. "எவ்வளவு மோசம் பார், அதனால்தான் பிடித்திருக்கிறது" என்ற தொனி. எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு பாட்டு பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே ரசிப்பவர், அதை உண்மையாகவே ரசித்த பெண்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

அதை விட நேர்மையான வரவேற்பு கிளப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இபிசா தீவின் அம்னீசியா கிளப்பில் ஆல்ஃப்ரெடோ என்ற அர்ஜென்டினா டிஜே, 80களின் நடுவில், ஹவுஸ் என்ற சிகாகோ நடன இசைக்கும் ராக்குக்கும் நடுவே மென்மையான பாப் பாட்டுகளைச் சங்கோஜமில்லாமல் போட்டார். திறந்தவெளி, விடியும் நேரம். 1987 கோடையில் அங்கே போய் அதைக் கேட்ட நான்கு லண்டன் டிஜேக்கள் திரும்பி வந்து இந்த ஊர் இரவுகளையே மாற்றினார்கள். மென்மையான ராக் பாடகர் க்ரிஸ் ரியாவின் பாட்டை ஆடும் இடத்தில் போடலாம் என்று அவர்களுக்குத் தைரியம் வந்தது அங்கிருந்துதான். அவர்கள் யாரையும் கேலி செய்யவில்லை. விடிகிற நேரத்துக்கு எது பொருந்துமோ அதைப் போட்டார்கள். மத்தியானத்துக்கு எது பொருந்துமோ அதை அந்த அம்மாவும் போட்டார்.

அம்மாவிடம் இந்த இசைக்கு இங்கே ஈஸி லிஸனிங் என்று பெயர், பில்போர்டு பத்திரிகை 1961இல் அந்தப் பெயரில் ஒரு தனிப் பட்டியலே தொடங்கியது, பின்னால் அது கிண்டலாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "கேக்க சுலபமா இருந்தா அதுல என்னடா கேவலம்? நம்ம ஊர்ல அதுக்குப் பேரு மெல்லிசை. அதுக்கு மன்னர்னு பட்டம் குடுத்து வச்சிருக்கோம்" என்றார். எம்.எஸ்.வி.யை நினைத்துக்கொண்டு சொன்னார். இத்தனை வருடம் இரண்டு மொழியிலும் வாழ்ந்து, அந்த இரண்டு சொல்லையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

முதல் பக்கம்

சரி என்று அந்தக் கார்ப்பென்டர்ஸ் தட்டைப் போட்டேன். பழைய ரேடியோகிராம் ஊசிகள் ஐந்தாறு கிராம் எடையோடு தட்டின் மேல் உட்காரும். இப்போது என்னுடையது இரண்டு கிராமுக்கும் குறைவு. அந்தக் கனத்தில் நூற்றுக்கணக்கான தடவை உழுத தட்டு இது. "ஸ" வரும் இடமெல்லாம் சீறியது, பக்கத்தின் உட்புறம் போகப் போகக் கரகரப்பு. ஆனால் கேரன் கார்ப்பென்டரின் குரல் கீழ் ஸ்தாயியில் நிற்கும் குரல். அந்தக் கீழ்ப்பகுதி தேயவில்லை. ஒரு மூச்சுத் தூரத்தில் உட்கார்ந்து, நம்மிடம் மட்டும் சொல்வது போலப் பாடுகிறார். பின்னணியில் பெரிய கோரஸ் மாதிரி கேட்பதெல்லாம் அண்ணனும் தங்கையும் தங்கள் இரண்டு குரலையே திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கியது. 1983இல் 32 வயதில் அவர் போய்விட்டார். அம்மாவுக்கு வரிகள் ஒன்றும் புரியவில்லை, கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். டிக் போட்ட பாட்டில், நடுவில், ஊசி ஒரு தாவு தாவியது. ஒரே ஒரு வரிப்பள்ளம் முன்னால் குதித்தது. தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 வினாடி ஆகும். அந்த 1.8 வினாடி காணாமல் போனது. துடைத்துப் பார்த்தேன், குதித்துக்கொண்டேதான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் வந்தார். வீட்டை விற்றாயிற்று, கடைசிச் சாவியைக் கொடுக்கப் போகிற வழி. நான் நடந்ததைச் சொன்னேன், ஜாஸ் தட்டு தொலைந்ததையும் சேர்த்து. அவர் அதற்குப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "இது உங்கள் அம்மாவுடையது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டினேன். "என்னிடம் பிளேயர் இல்லை" என்றார். கேட்கிறீர்களா என்றேன். கோட்டைக் கழற்றாமலே கதவுப் பக்கம் நின்றார். டிக் போட்ட பாட்டு வந்தபோது மெல்லக் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தார். தாவும் இடம் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஊசி குதித்தது. அவரும் குதித்தார், அந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு, தாளம் தப்பாமல், அடுத்த வார்த்தையில் போய் இறங்கினார். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பக்கம் முடியும் வரை கோட்டோடு அங்கேயே நின்றிருந்தார்.